மூட்டுத் தேய்மானத்துக்குக் கணக்கு எங்கே?

ஓயாது உழைக்கும் பொருள் எதுவும் தேய்ந்தே தீரும். கிணற்று ராட்டினத்தின் அச்சும், செக்கின் உலக்கையும், வண்டிச் சக்கரத்தின் குடமும் தேய்வதை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர் யாவரும் அறிவர். அச்சு தேய்ந்தால் கொல்லனிடமோ தச்சனிடமோ சென்று மாற்றிக்கொள்ளலாம். அரை நாள் வேலை கெடுவதன்றி வேறு நஷ்டமில்லை. ஆனால் மனிதனுடைய உடலுக்குள் வைத்துத் தைக்கப்பட்ட அச்சு தேய்ந்தால் என் செய்வது? தேய்ந்த துகள் எங்கே போகும்? மாற்றுவதற்கு மறுபடியும் உடலையன்றோ அறுக்கவேண்டும்?

இடுப்பு மூட்டு பழுதாகி நடக்கமாட்டாமல் கிடந்தவர்களுக்குச் செயற்கை மூட்டுப் பொருத்தி நடக்கச் செய்யும் ரணசிகிச்சை, கடந்த அறுபது வருஷங்களில் வைத்திய சாஸ்திரம் கண்ட பெரும் வெற்றிகளில் ஒன்று என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றியின் ஜீவநாடி, ஒன்றன்மேல் ஒன்று உராயும் இரண்டு பொருள்களின் தேய்மானத்தை அடக்குவதிலேயே இருக்கிறது. இது ரஸாயனிகளும் யந்திர நிபுணர்களும் மாத்திரம் பேசிக்கொள்ளவேண்டிய விஷயமென்று பலர் எண்ணக்கூடும். நமது அபிப்பிராயம் அதுவன்று. எந்தப் பொருள் நல்லதென்று தீர்மானிப்பவர் யார், அது உடலுக்குள் எவ்வாறு நடந்துகொள்கிறதென்று கணக்கு வைப்பவர் யார், கணக்கு தவறினால் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பவை பொதுஜனங்களைச் சேர்ந்த கேள்விகள்.

முதலில் மூட்டின் அமைப்பைக் கவனிப்போம். தொடை எலும்பின் மேல்முனையிலுள்ள உருண்டைத் தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியில் சுழல்கிறது. செயற்கை மூட்டிலும் ஏற்பாடு அதுவே: ஓர் உருண்டை, ஒரு கிண்ணம். மனிதன் நடக்கும்போது இம்மூட்டின்மீது விழும் பாரம் அவனுடைய எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கால் தடுக்கிவிட்டால் அது இன்னும் பல மடங்காகும். சாதாரணமாக நடமாடும் ஒருவர் ஒரு காலால் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் அடி எடுத்துவைக்கிறார். ஆகவே முப்பது வயதில் மூட்டு மாற்றிக்கொண்டு எழுபது வயதுவரை வாழும் ஒருவருக்கு அந்த மூட்டு 4 கோடி தடவை பாரத்தைச் சுமந்து உராயவேண்டும். ஆலை யந்திரத்துக்கு எண்ணெய் விடவும், பழுதுபார்க்கவும் ஆளுண்டு. இந்த யந்திரத்துக்கு அதுவுமில்லை.

லங்காஷயர் தந்த பாடம்

இந்தச் சிகிச்சையை இன்றைய நிலைக்குக் கொணர்ந்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சார்ன்லி என்னும் ரணவைத்தியர். லங்காஷயர் ஜில்லாவில் ரைட்டிங்டன் என்னுமிடத்து ஆஸ்பத்திரியில் அவர் வேலை செய்துவந்தார். மூட்டு நீடிக்க வேண்டுமானால் உராய்வு குறைய வேண்டும் என்பது அவர் கொண்ட முதற் கொள்கை. உலகத்தில் மிகவும் வழுக்கலான பொருள் எதுவென்று தேடி, டெஃப்லான் என்னும் செயற்கைப் பொருளைத் தெரிந்தெடுத்தார். அதனால் கிண்ணமும் எவர்சில்வரால் உருண்டையும் செய்து, 1958 முதல் சுமார் 300 பேருக்குப் பொருத்தினார். வலியால் துடித்தவர்கள் வலியின்றி நடந்தார்கள். ஆஸ்பத்திரியெங்கும் ஆனந்தம்.

அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. இரண்டு மூன்று வருஷங்களுக்குள் உருண்டை கிண்ணத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. தேய்ந்த தூள் சதைக்குள் தங்கிக் கட்டிகளாயிற்று, எலும்பு அரிக்கப்பட்டது. தாம் வைத்த மூட்டுகளைத் தாமே ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும் துர்ப்பாக்கியம் சார்ன்லிக்கு நேர்ந்தது. வழுக்கலான பொருள் தேயாத பொருளாகிவிடாது என்ற உண்மையை அவர் இவ்விதம் பெருவிலை கொடுத்து அறிந்தார். விலை கொடுத்தவர் அவர் மாத்திரமல்லர். அந்த 300 நோயாளிகளும் கொடுத்தார்கள். டெஃப்லான் தூள் உடலில் என்ன செய்கிறதென்று ஐயமறத் தெரிந்துகொள்ள அதைத் தமது தொடையிலேயே ஊசியால் செலுத்திப் பார்த்துக்கொண்டார் என்பது அம்மனிதரின் நேர்மைக்குச் சான்று.

அடுத்து நடந்தது விசித்திரமானது. லங்காஷயர் என்றதும் நமக்கு நினைவு வருவது ஆலைத்துணி. அந்த ஆலைகளின் தறிகளில் பற்சக்கரம் செய்வதற்கு, அதிக மூலக்கூற்றெடையுள்ள பாலிஎதிலீன் என்னும் பொருள் அக்காலத்தில் வழக்கத்துக்கு வந்திருந்தது. 1962-ம் வருஷம் அதை விற்க வந்த ஒருவர் ரைட்டிங்டன் பட்டறையிலிருந்த ஹாரி கிரேவன் என்ற தொழிலாளியிடம் ஒரு துண்டைக் கொடுத்துச் சென்றார். சார்ன்லி அதை நகத்தால் கீறிப் பார்த்து, பயனற்றதென்று ஒதுக்கிவிட்டார். கிரேவன் ஒதுக்கவில்லை. சார்ன்லி வெளியூர் சென்றிருந்த சமயம் அதைத் தேய்வுப் பரீட்சை யந்திரத்தில் மாட்டி இரவுபகலாக ஓட்டினார். டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட அப்பொருள் மூன்று வாரத்தில் தேயவில்லை! அவ்வருஷம் நவம்பர் மாதம் அதனால் செய்த கிண்ணம் முதன்முதலாக மனித உடலில் வைக்கப்பட்டது. இன்றுவரை உலகெங்கும் பொருத்தப்படும் இடுப்பு மூட்டுகளில் பெரும்பாலானவற்றின் கிண்ணம் அந்தப் பொருளின் வாரிசே.

இச்சரித்திரத்தில் ஒரு தொழிலாளியின் சாமர்த்தியம் மாத்திரம் இருப்பதாக எண்ணிவிடலாகாது. சூடுகண்ட சார்ன்லி அதன் பின் நடந்துகொண்ட விதமே முக்கியமானது. தமது மூட்டை அவர் உடனே கடைச்சரக்காக்கிவிடவில்லை. பல வருஷகாலம் தம்மிடம் பயின்று, தமது சம்மதம் பெற்ற வைத்தியர்களுக்கு மாத்திரமே அது விற்கப்பட்டது. நோயாளிகளை வருஷந்தோறும் வரவழைத்துப் படமெடுத்து, உருண்டை கிண்ணத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறதென்று அளந்தார். இறந்தபின் மூட்டைப் பரிசோதனைக்குத் திருப்பித் தருமாறு நோயாளிகளிடம் உயிரோடிருக்கையிலேயே வாக்குப் பெற்றார். பரீட்சை, கணக்கு, திருப்பி எடுத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் இன்றித் தேய்மானத்தை வென்றவர் எவருமில்லை.

சிறு தூள், பெருங் கேடு

பாலிஎதிலீன் கிண்ணம் வருஷத்துக்குச் சுமார் பத்தில் ஒரு மில்லிமீட்டர் வீதம் தேய்ந்தது. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். ஆயின் கணக்குப் பார்க்க வேண்டும். சார்ன்லி வைத்த 22 மில்லிமீட்டர் உருண்டையானால் அந்த அளவுத் தேய்மானம் வருஷத்துக்கு ஏறக்குறைய 39 கன மில்லிமீட்டர் தூளை உண்டாக்கும். 32 மில்லிமீட்டர் உருண்டையானால் ஏறக்குறைய 80. சார்ன்லி உருண்டையைச் சிறிதாக வைத்ததன் காரணங்களில் இது ஒன்று. அந்தத் தூளும் மணல் போன்றதன்று. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நுண்பொடி. ஒவ்வோர் அடியிலும் லட்சக்கணக்கான துகள்கள் உதிர்கின்றன.

உடலிலுள்ள விழுங்கணுக்கள் இத்துகள்களைப் பகைவரென்று கருதி விழுங்குகின்றன. ஜீரணிக்க முடியாமல் அழற்சியை உண்டாக்கும் ரஸங்களைச் சுரக்கின்றன. அதன் பயனாக, சுற்றியுள்ள எலும்பு கரைகிறது. இறுகப் பிடித்திருந்த மூட்டு ஆட்டங்காண்கிறது. கேடு விளைவிப்பது தேய்ந்த கிண்ணத்தின் பள்ளத்தைவிட அதிலிருந்து உதிர்ந்த தூளே என்று வைத்திய உலகம் நன்கு உணர நெடுங்காலம் பிடித்தது. எலும்பு கரைவதற்கு மூட்டை ஒட்டும் சிமெண்டே காரணமென்று எண்ணி, 1980-களில் அதற்குச் 'சிமெண்டு நோய்' என்று நாமகரணமும் செய்தார்கள். சிமெண்டு இல்லாமலே பொருத்தப்பட்டவர்களிடமும் அதே அரிப்புக் காணப்பட்டபோதுதான் உண்மைக் குற்றவாளி வெளிப்பட்டான்.

இன்னொரு தவறும் நெடுநாள் மறைந்திருந்தது. கிண்ணங்களைக் கிருமியறச் செய்யக் காமா கதிர் பாய்ச்சுவது வழக்கம். கதிர் பட்டதும் பாலிஎதிலீனின் நீண்ட சங்கிலிகள் சிற்சில இடங்களில் அறுந்து, அறுந்த முனைகள் பிராணவாயுவுடன் சேரத் துடிக்கின்றன. காற்றுள்ள உறைக்குள் இதைச் செய்து, வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்தபடியால், நோயாளியின் உடலுக்குள் போகுமுன்பே சில கிண்ணங்கள் துருப்பிடித்த இரும்பைப்போல் உள்ளூர நொறுங்கும் நிலையை அடைந்திருந்தன. 1990-களின் நடுவில்தான் பிராணவாயு இல்லாத உறைகள் வழக்கத்துக்கு வந்தன.

தீமை செய்த அந்தக் கதிரே மருந்தாகவும் ஆயிற்று. கதிரை அளவறிந்து மிகுதியாகச் செலுத்தினால் அறுந்த சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளுடன் பிணைந்துகொள்கின்றன. தனித்தனி நூலாகக் கிடந்தது வலையாகிவிடுகிறது. நூலை உருவலாம், வலையை உருவ முடியுமா? பின்னர் உருகும் சூட்டுக்கு மேல் காய்ச்சினால், பிணையாமல் எஞ்சிய முனைகளும் அடங்கிவிடுகின்றன. ஆனால் அப்படிக் காய்ச்சுவதால் பொருளின் உறுதி சற்றுக் குறைந்து விரிசலுக்கு இடம் தருகிறது. உருகும் சூட்டுக்குக் கீழே காய்ச்சினால் உறுதி நிற்கும், ஆனால் சில முனைகள் எஞ்சிப் பிராணவாயுவுக்கு இரையாகும். இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்க ஈ வைட்டமினைப் பாலிஎதிலீனுடன் கலக்கும் முறை இந்த நூற்றாண்டின் தொடக்க வருஷங்களில் வந்தது. தேய்மானத்தைத் தடுக்கும் ஒவ்வோர் உபாயத்துக்கும் வேறொரு புறத்தில் விலையுண்டு என்பதை இது காட்டுகிறது.

1990-களின் இறுதியிலிருந்து வழங்கிவரும் இந்தப் பிணைந்த பாலிஎதிலீனின் பலன் என்ன? ஆஸ்திரேலிய தேசத்துப் பதிவேட்டைக்கொண்டு 2018-ல் வெளியான ஆராய்ச்சி விடை சொல்கிறது. பழைய பாலிஎதிலீன் வைக்கப்பட்ட மூட்டுகளில் பதினாறு வருஷத்துக்குள் மறுபடி அறுக்க நேர்ந்தவை நூற்றுக்கு 11.7, பிணைந்த பாலிஎதிலீனில் நூற்றுக்கு 6.2. ஏறக்குறையப் பாதி! எத்தனையோ குடும்பங்களின் துயரம் இந்த இரண்டு எண்களுக்கு இடையில் தவிர்க்கப்பட்டிருக்கிறது.

புதுமை வேறு, நன்மை வேறு

இந்த வெற்றியைக் கண்டு, புதியதெல்லாம் நல்லதென்று முடிவு கட்டுவோர் அதே சரித்திரத்தின் மற்ற ஏடுகளையும் புரட்ட வேண்டும். பாலிஎதிலீனுக்கு வலுவூட்டுவதாக எண்ணி 1970-களில் கரிநார் கலந்து செய்தார்கள். அது உடலுக்குள் சீர்குலைந்தது. எடை குறைந்ததும் உடலுக்கு ஒத்துக்கொள்வதுமான டைட்டானியத்தால் உருண்டை செய்தார்கள். அது எளிதில் கீறப்பட்டு, சுற்றியுள்ள சதையைக் கறுப்பாக்கியது. பீங்கான் இனத்தைச் சேர்ந்த ஸிர்க்கோனியா உருண்டைகள் மிக வழவழப்பானவை, உறுதியானவை என்று பெயர் பெற்றன. 1998-ல் ஒரு தொழிற்சாலையில் சுடும் சூளையின் வகையை மாற்றினார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த மாறுதலால் சில தொகுதிகளில் உருண்டைகள் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்கி, 2001-ல் அவை திரும்பப் பெறப்பட்டன. பொருள் அதே பொருள். சூளை மாறியது, விதி மாறியது.

எல்லாவற்றிலும் கசப்பான பாடம் உலோகத்தோடு உலோகம் உராயும் மூட்டுகளிலிருந்து கிடைத்தது. கோபால்ட்-குரோமியக் கலவையால் உருண்டையும் கிண்ணமும் செய்தால் தேயும் அளவு பாலிஎதிலீனைவிட மிகக் குறைவென்று பரீட்சை யந்திரங்கள் கூறின. அது பொய்யன்று. ஆனால் அளவில் குறைந்த அத்தூள், எண்ணிக்கையில் மிகுந்தும் உருவில் மிகச் சிறுத்தும் இருந்தது. கோபால்ட் ரத்தத்தில் கரைந்தது. சிலருக்கு மூட்டைச் சுற்றிய சதையே அழுகியது. டிப்யூ கம்பெனியின் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டில் கிண்ணம் ஆழங்குறைந்ததாக இருந்தபடியால், சற்றுச் சாய்வாகப் பொருத்தப்பட்டால் பாரம் முழுவதும் விளிம்பில் விழுந்து தேய்மானம் பெருகிற்று. ஆஸ்திரேலியாவில் பதிவேட்டின் எச்சரிக்கைக்குப் பின் 2009 டிசம்பரில் அது விலக்கப்பட்டது. 2010 ஆகஸ்டில் உலகெங்குமிருந்து திரும்பப் பெறப்பட்டபோது, சுமார் 93,000 மூட்டுகள் சம்பந்தப்பட்டிருந்தன.

இவற்றில் நமது தேசத்தில் பொருத்தப்பட்டவை சுமார் 4,700. உலகமறிய மூட்டு திரும்பப் பெறப்பட்டது 2010-ல்; இந்தியாவின் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது 2013-ல்; நிபுணர் கமிட்டி நியமிக்கப்பட்டது 2017-ல்; அதன் அறிக்கையைப் பொதுஜனங்கள் பார்த்தது 2018-ல். அந்த அறிக்கை கூறிய விஷயங்களில் நமது நெஞ்சை உறுத்தவேண்டியது ஒன்றுண்டு. 4,700 பேரில் தொடர்பு கிடைத்தவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேரே. மற்ற மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் யார், எங்கிருக்கிறார்கள், அவர்கள் ரத்தத்தில் கோபால்ட் எவ்வளவு என்று சொல்லக்கூடியவர் ஒருவருமில்லை. நஷ்டஈடாக 30 லட்சம் ரூபாய் முதல் 1.23 கோடி ரூபாய் வரை என்று சர்க்கார் விகிதம் வகுத்தது. ஆளைக் கண்டுபிடிக்க முடியாதவிடத்து விகிதம் வகுத்து என்ன பயன்?

ஆஸ்திரேலியா முன்கூட்டி அறிந்ததற்கும் நாம் பின்னிட்டு அறிந்ததற்கும் காரணம் அறிவின் ஏற்றத்தாழ்வன்று. நமது ரணவைத்தியர்கள் திறமையில் எவருக்கும் சளைத்தவர்களல்லர். அங்கே ஒவ்வொரு மூட்டுக்கும் கணக்கு இருந்தது, இங்கே இல்லை. ஸ்வீடன் 1979-லேயே இடுப்பு மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியா 1999-ல் தொடங்கியது. இங்கிலாந்து 2003-ல் தொடங்கியது. நமது தேசத்தில் எலும்பு வைத்தியர்கள் தங்கள் சங்கத்தின் வாயிலாகப் பதிவேடு நடத்த முயன்றிருப்பது பாராட்டத்தக்கது. எனினும் விரும்பினவர் எழுதலாம், விரும்பாதவர் விடலாம் என்னும் ஏடு, தப்பிப்போனவற்றைக் காட்டாத ஏடு. தோற்ற மூட்டைப் பதிய விரும்புகிறவர் எத்தனை பேர்?

நமது தேவை தனித்தது

மேனாட்டில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மூப்பினால் மூட்டு தேய்ந்தவர்கள். நமது தேசத்திலோ, தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது செத்துப்போவதால் மூட்டு மாற்றவேண்டியவர்கள் மிகுதி. இவர்களில் பலர் இளைஞர்கள், நடுவயதினர். உழைத்துக் குடும்பத்தைக் காக்கவேண்டியவர்கள். மேனாட்டு முதியவருக்கு இருபது வருஷம் உழைத்தால் போதுமான மூட்டு, இவர்களுக்கு நாற்பது வருஷம் உழைக்க வேண்டும்.

மேலும், நாம் உட்காரும் விதம் வேறு. தரையில் சம்மணமிட்டு உண்கிறோம், குந்திக் களையெடுக்கிறோம், குந்தியே மலங்கழிக்கிறோம். அப்படிச் செய்யலாகாதென்று வைத்தியர் எச்சரித்தனுப்பினாலும், வீட்டுக்கும் வயலுக்கும் திரும்பியவர் எத்தனை நாள் அதைக் காப்பாற்றுவார்? நடக்கும்போது மூட்டு முன்னும் பின்னுமாகச் சுமார் 40 டிகிரி அசைகிறது. குந்தும்போது 90 டிகிரியையும் தாண்டி மடங்குகிறது. அப்பொழுது தண்டின் கழுத்து கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கக்கூடும். பாரம் விளிம்பில் விழக்கூடும்.

சர்வதேச விதிப்படி நடத்தப்படும் தேய்வுப் பரீட்சையின் யந்திரம் எதைப் பாவனை செய்கிறது? சமதரையில் நடப்பதை. எத்தனை தடவை? 50 லட்சம் தடவை. நமது முன் கணக்கின்படி அது ஐந்து வருஷ நடைதான். நாற்பது வருஷம் உழைக்கவேண்டிய மூட்டுக்கு, அதுவும் குந்தி எழும் மனிதனின் மூட்டுக்கு, ஐந்து வருஷ நடை முழுச் சாட்சியாகுமா? யந்திரம் தவறாகச் சாட்சி சொன்னதும் உண்டு. பாலிஎதிலீன் துண்டை ஒரே திசையில் முன்னும் பின்னும் தேய்த்துப் பார்த்த பழைய யந்திரங்கள், தேய்மானம் மிகச் சொற்பமென்று கூறின. சங்கிலிகள் தேய்க்கும் திசையில் படிந்து வலுப்பெற்றதே அதற்குக் காரணம். உயிருள்ள மூட்டில் அசைவு குறுக்கும் நெடுக்குமாகச் செல்கிறது; ஒரு திசையில் படிந்த சங்கிலி மறு திசையில் கிழிபடுகிறது. திசையை மாற்றித் தேய்த்தபின்பே யந்திரம் உடலின் பாஷையைப் பேசிற்று.

இவற்றை ஆராய்ந்து தீர்க்கும் சக்தி நமக்குண்டா என்று ஐயுறுவோருக்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் டாக்டர் வலியத்தானும் அவருடைய சகாக்களும் இருதய வால்வு ஒன்றைச் செய்ய முயன்றார்கள். நீலமணிக்கல் போன்ற கடினமான பொருளைத் தட்டாக வைத்தும் பார்த்தார்கள். பல மாதிரிகள் தோற்றன. இறுதியில் அவர்கள் தெரிந்தெடுத்த தட்டு, இடுப்பு மூட்டில் உழைக்கும் அதே பாலிஎதிலீன் இனத்தைச் சேர்ந்தது. 1990-ல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட அவ்வால்வு ஆயிரக்கணக்கானவர்களைக் காத்தது. தோல்வியை மறைக்காமல் ஆராய்ந்ததாலேயே அவர்கள் வென்றார்கள். வால்வில் முடிந்தது மூட்டில் முடியாதா?

செய்யவேண்டியவை

ஆகவே சர்க்காரும் வைத்திய உலகமும் நான்கு காரியங்களை உடனே மேற்கொள்ள வேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது, பொருத்தப்படும் ஒவ்வொரு மூட்டும் சட்டப்படி பதிவாக வேண்டும். பொருள் என்ன, எந்தத் தொகுதி, எந்த அளவு, எந்தத் தேதியில் யாருக்கு வைக்கப்பட்டது என்பவை ஒரே தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். நோயாளியின் கையிலும் அதே விவரம் அவருடைய தாய்மொழியில் அச்சிட்ட அட்டையாக இருக்க வேண்டும். தமது இடுப்பில் இருப்பது பாலிஎதிலீனா, பீங்கானா, உலோகமா என்று அறியாமல் வாழும் நிலை ஒழிய வேண்டும்.

இரண்டாவது, மறுபடி அறுத்து வெளியே எடுக்கப்படும் மூட்டு எதுவும் குப்பைக்கோ விற்பனையாளரின் பைக்கோ போகலாகாது. பொது ஸ்தாபனம் ஒன்றில் அதை அளந்து, தேய்ந்த இடத்தையும் காரணத்தையும் எழுதி வெளியிட வேண்டும். தோற்ற மூட்டு கற்பிக்கும் பாடத்தை வென்ற மூட்டு கற்பிப்பதில்லை.

மூன்றாவது, குந்துதலும் சம்மணமிடுதலும் சேர்ந்த தேய்வுப் பரீட்சை முறை ஒன்றை நமது பொறியியல் ஸ்தாபனங்களும் வைத்தியக் கல்லூரிகளும் கூடி வகுக்க வேண்டும். விற்க வருகிற சரக்கு இங்கே செய்ததாயினும் கடல்கடந்து வந்ததாயினும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்பட வேண்டும்.

நான்காவது, பொது ஆஸ்பத்திரிகளுக்கு மூட்டு வாங்கும்போது குறைந்த விலை என்ற ஒன்றையே நோக்கலாகாது. ஏழையின் மூட்டே அதிகம் உழைக்கும் மூட்டு. அவனுக்குப் பழைய பாலிஎதிலீனும் பணமுள்ளவனுக்குப் பிணைந்த பாலிஎதிலீனும் என்ற பந்திவஞ்சனை எந்த நியாயத்தில் சேர்ந்தது? தேய்மானத்துக்குக் குறைந்தபட்சத் தகுதி ஒன்றை நிர்ணயித்து, அதற்குக் கீழ்ப்பட்டதை வாங்க மறுக்க வேண்டும்.

இவற்றுக்கு எழும் ஆட்சேபங்களை நாம் அறியாமலில்லை. வேலை மிகுந்த ஆஸ்பத்திரிகளில் எழுத்துவேலை கூடிவிடும் என்பார்கள். மூட்டின் பெட்டியிலேயே தொகுதி எண் அச்சிடப்பட்டிருக்கிறது; அதைப் பதிய ஐந்து நிமிஷம் போதும். செலவு அதிகமென்பார்கள். மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது, செலவும் அபாயமும் மிகுந்தது. அவற்றில் ஒரு பகுதியைத் தடுத்தாலும் பதிவேட்டின் செலவு ஈடாகிவிடும். நோயாளியின் அந்தரங்கம் வெளிப்படும் என்பது மதிக்கத்தக்க ஆட்சேபம். பெயரை மறைத்து எண்களை மாத்திரம் வெளியிடும் வழியை மற்ற தேசங்கள் காட்டியிருக்கின்றன. புதிய ஆராய்ச்சியை இது தடுக்கும் என்பார் சிலர். பிணைந்த பாலிஎதிலீன் நல்லதென்று நாம் இன்று துணிந்து சொல்வது எதைக்கொண்டு? பதிவேட்டைக்கொண்டே. மெய்யான புதுமைக்குப் பதிவேடு பகையன்று. போலிப் புதுமைக்கே பகை.

இன்று மூட்டு தோற்பதற்குத் தேய்மானம் ஒன்றே காரணமன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கிருமி சேர்தல், உருண்டை நழுவுதல், எலும்பு முறிதல் முதலியனவும் உண்டு. பொருள் திருந்தத் திருந்த இவை முன்னணிக்கு வருவது இயல்பு. அவற்றையும் அறியும் வழி அதே பதிவேடுதான்.

ரைட்டிங்டனில் ஒரு தொழிலாளி மூன்று வாரம் யந்திரத்தை ஓட்டி, தம் தலைவர் ஒதுக்கிய பொருளின் உண்மையைக் கண்டார். அந்தத் தலைவரோ தமது தவற்றை ஒப்பி, ஒவ்வொரு நோயாளியையும் சாகுமட்டும் கணக்கில் வைத்திருந்தார். பொருளைத் தேயாமல் செய்வது சாஸ்திரிகளின் வேலை. கணக்கைத் தேயவிடாமல் காப்பது சர்க்காரின் கடமை. அக்கடமையைச் செய்விப்பது நமது கடமை. அடுத்த முறை ஒரு மூட்டு திரும்பப் பெறப்படும் நாளில், அதைச் சுமந்து நடப்பவர் ஒவ்வொருவருடைய வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். மூவாயிரம் பேரைத் தேடிக்கொண்டு நிற்கும் அவமானம் இன்னொரு முறை வேண்டாம்.